பிள்ளைகள் நாடகம் எழுத வேண்டுமா, நடித்தால் போதாதா?

அஸ்தம்பட்டிக்காரன்:
கோடை விடுமுறையில் சேலத்தில் நடந்த ஒரு நாடகப் பட்டறைக்கு மகனை அனுப்பினேன். பிள்ளைகளே எழுதி நடிப்பார்கள் என்றார்கள். கடைசி நாள் போய்ப் பார்த்தால், டிவி காமெடிகளை ஒட்டுப்போட்டு ஒரு நாடகம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், எட்டாவது படிக்கிறவன் எதற்கு நாடகம் எழுத வேண்டும்? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து பாலர் சபை என்ற நாடகக் கம்பெனி தொடங்கினார். எழுதியது அவர், நடித்தது சிறுவர்கள். பின்னாளில் பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள்தானே? முதலில் நல்ல வசனம் வாயில் ஏறட்டும். எழுத்து அப்புறம் வரும்.

ஏற்காட்டு டீச்சர்:
சார், வெள்ளைத்தாளை நீட்டி "எழுது" என்றால் நீங்களும் நானும்கூட டிவியில் பார்த்ததைத்தான் எழுதுவோம். முதலில் பேச விட வேண்டும். ஓர் இடம், இரண்டு பேர். ஒருவருக்கு ஏதோ வேண்டும், மற்றவர் தர மாட்டார். பிள்ளைகள் வாய்க்கு வந்ததைப் பேசி நடிப்பார்கள், ஒரு பிள்ளை ஓரமாக உட்கார்ந்து அதை எழுதிக்கொள்ளும். மறுபடி நடித்து, வேண்டாததை அடிப்பார்கள்.

ஒரு முறை ரேஷன் கடை வந்தது. காப்பிப் பழம் பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல், பாட்டியின் கைரேகை மெஷினில் விழவில்லை. "துடைச்சிட்டு வைங்க பாட்டி" என்றான் கடைக்காரப் பையன். பாட்டியாக நடித்த ஏழாம் வகுப்புப் பெண் பாவாடையில் விரலைத் துடைத்தாள், வைத்தாள், மறுபடி துடைத்தாள். "ரேகைதான் தேஞ்சு போச்சு, வயிறுமா தேஞ்சு போச்சு?" என்றாள். இதை எந்தப் பெரியவர் எழுதித் தந்திருப்பார்?

சுவாமிகளின் சபைப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து, கம்பெனியோடு ஊர் ஊராகப் போய், நாடகத்திலேயே வளர்ந்தவர்கள். நமக்குக் கிடைப்பதோ சனிக்கிழமை இரண்டு மணி நேரம்.

கோமாளி வேஷம்:
வசனம் பிரமாதம் டீச்சர். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்குமா? எங்கள் பக்கம் கூத்துக்கு வருகிற பையனுக்கு முதலில் அடவு என்கிற ஆட்ட அடிகள், தாளம், பாட்டு. விடிய விடிய நின்று ஆடுகிற உடம்பு வந்த பிறகுதான் வேஷம். இப்போது பட்டறை என்றால் வட்டமாக நின்று கை தட்டுகிறார்கள், கண்ணை மூடி மரமாக நிற்கச் சொல்கிறார்கள். மரமாக நின்று என்னத்தைக் காண்பது?

செவ்வாய்பேட்டை:
கூத்திலும் கோமாளி அன்றன்றைக்குப் புதுசாகத்தானே பேசுகிறார்? அர்ச்சுனன் தபசுக் கூத்துக்கு நடுவில் ஊர்த் தண்ணீர்க் குழாயைப் பேச்சில் இழுப்பார். கதையும் பாட்டும் வாத்தியாரிடம் கற்கட்டும், கோமாளி பேச்சைப் பிள்ளைகள் எழுதட்டும். தீர்ந்தது சண்டை.

கோமாளி வேஷம்:
எங்கே தீர்ந்தது? இருப்பதிலேயே கஷ்டமான வேஷம் அது. கதை முழுக்கத் தெரிந்தவன்தான் அதை விட்டு வெளியே போய்த் திரும்பி வர முடியும். புதுப் பையனுக்கு எந்த வாத்தியாரும் தர மாட்டார்.

ஏற்காட்டு டீச்சர்:
ஐயா, ஒரு சனிக்கிழமை மேலே வாருங்கள். குரலும் தாளமும் உங்கள் பொறுப்பு. பிள்ளைகள் எழுதியதில் கை வைத்தால் மட்டும் சண்டை போடுவேன்.

அஸ்தம்பட்டிக்காரன்:
அதெல்லாம் சரி, அடுத்த கோடையில் நான் எதை நம்பிப் பணம் கட்டுவது?

ஏற்காட்டு டீச்சர்:
போன வருஷம் பிள்ளைகள் எழுதிய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள் சார். அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லாமல் பளிச்சென்று இருந்தால் பணம் கட்டாதீர்கள்.