முதல் ராலி கார்: எஸ்டீமா, ஜிப்ஸியா, கூண்டு போட்ட பழைய வண்டியா?

கோபி_முகில்:
அனைவருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறேன், நூற்பாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை. செட்டிபாளையம் கரி ஓடுதளத்தில் பந்தயங்களைப் பார்த்திருக்கிறேன் என்றாலும், எனக்கு ஆசை தார்ப்பாதையில் இல்லை, மண்பாதையில்தான். முதலில் ஆட்டோகிராஸ் (மூடிய மண் மைதானத்தில் நேரம் பார்த்து ஓட்டும்) போட்டிகளில் ஓட்டிப் பழகிவிட்டு, பிறகு கோவையில் நடக்கும் தேசிய ராலிச் சுற்றில் கலந்துகொள்ள எண்ணியிருக்கிறேன். கையில் மூன்று லட்சம் ரூபாய் இருக்கிறது. வீட்டில் உள்ள வேகன் ஆரை இதற்காகத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். இந்தத் தொகையில் எந்தக் காரை வாங்குவது சரியாக இருக்கும்?

ஆனைமலை_வேலு:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், ஜிப்ஸியை வாங்குங்கள். 1.3 லிட்டர் என்ஜின், தனிச் சட்டகம், பின்சக்கர இழுவை, தேவைப்பட்டால் நான்கு சக்கர இழுவை என்று மண்ணுக்காகவே செய்த வண்டி அது. தேசிய ராலிகளில் ஜிப்ஸிக்கென்றே தனிப் பிரிவு வைத்து நடத்தியிருக்கிறார்கள். அதனால் பெரிய கார்களோடு மோதாமல் ஒத்த வண்டிகளோடு ஓட்ட வாய்ப்பு உண்டு. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை உடைந்தால் சங்ககிரி, நாமக்கல் பக்கம் எந்த லாரிப் பட்டறையிலும் கட்டிக் கொடுப்பார்கள். கேத்தனூர் காற்றாலைப் பாதைகளில் விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம்.

பெருந்துறை_சர்வேயர்:
வேலு அண்ணன் கடைசியாகச் சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொதுவழியில் வேகப் போட்டியோ வேகச் சோதனையோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு முதல் முறைக்கே ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க முடியும். காற்றாலைப் பாதை என்றாலும் விடியற்காலையில் பால் கேனோடு வண்டியில் வருபவர் அங்கே இருப்பார். முகில் தம்பிக்கு வீட்டில் மேட்டுக்காடு இருந்தால், பயிர் இல்லாத மாதங்களில் நான்கு பழைய டயர்களை நட்டுவைத்து அதற்குள் ஓட்டிப் பழகுவதே போதும்.

கணபதி_பட்டறை:
கோவை கணபதியில் சிறிய பட்டறை நடத்துகிறேன். கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு கட்டுவதும் எங்கள் வேலைகளில் ஒன்று. ஜிப்ஸி நல்ல வண்டிதான், ஆனால் முதல் வண்டி அல்ல. உற்பத்தி நின்றுபோன பிறகு காடு மலை சுற்றுவோர் அதைத் தேடித் தேடி வாங்குவதால் விலை இறங்கவே இல்லை. மூன்று லட்சத்தில் கிடைப்பதும் சேஸிஸ் துருப்பிடித்ததாக இருக்கும். அதோடு, உயரமான, குறுகலான அந்த வண்டி பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் எளிதில் சாய்ந்துவிடும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்தான் பள்ளத்தில் அதிகம் இறங்குவார்.

என் பரிந்துரை எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளைப் பீய்ச்சும் முறை) எஸ்டீம். ஜிப்ஸியில் 80 குதிரைத்திறன், எஸ்டீமில் 85. ஆனால் எஸ்டீமின் எடை ஜிப்ஸியை விட ஏறக்குறைய நூறு கிலோ குறைவு. முன்சக்கர இழுவை என்பதால், தவறு செய்யும்போது கார் மூக்கை வெளிப்பக்கம் தள்ளுமே தவிர, வால் திடீரென்று சுழன்று வராது. என்ஜினோ ஜிப்ஸியின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகையால் பிஸ்டன் ரிங், கேஸ்கட், கிளட்ச் போன்றவற்றுக்கு அலைய வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாததையும் குறையாக எண்ணாதீர்கள். தளர்ந்த மண்ணில் சக்கரம் பூட்டிக்கொண்டால் அதன் முன்னே மண் குவிந்து வண்டியைத் தடுக்கும். ஏபிஎஸ் அந்தக் குவியல் சேரவிடாமல் சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிப்பதால் நிற்கும் தூரம் கூடிவிடும்.

சூலூர்_நேவிகேட்டர்:
கணபதி அண்ணா, உங்கள் எஸ்டீம் பற்று எல்லோரும் அறிந்ததே. ஆனால் அதன் உற்பத்தி 2007இல் முடிந்துவிட்டது. இன்று கிடைக்கும் மிகப் புதிய எஸ்டீமுக்கே பதினைந்து வயது எப்போதோ கடந்துவிட்டது. என்ஜின் சாமான் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். கதவு, முன் மட்கார்டு, பின் ஆர்ம், முன் கண்ணாடி? ராலியில் ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்ற வேண்டியவை இவைதான், என்ஜின் அல்ல. இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநருக்குப் பாதைக் குறிப்புகளை (நோட்ஸ்) வாசிக்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: ஒரு மட்கார்டு கிடைக்காமல் டயரை உரசிக்கொண்டே அடுத்த ஸ்டேஜுக்கு (நேரம் கணக்கிடும் பாதைப் பகுதிக்கு) போவது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

2005 முதல் 2010 வரை வந்த 1.3 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்டைப் பாருங்கள், தம்பி. குதிரைத்திறன் 87, எஸ்டீமை விட எடை கூடுதல்தான், ஆனால் உடல் உறுதி மிகவும் மேல். சாமான் ஊர்தோறும் கிடைக்கும். இதற்கும் மேலான வழி ஒன்று உண்டு: ஏற்கெனவே கூண்டு, உடலைப் பிடித்துக்கொள்ளும் பக்கெட் இருக்கை, என்ஜினின் அடிப்பக்கத்தைக் காக்கும் சம்ப் கார்டு தகடு எல்லாம் போட்டு ஓடி ஓய்ந்த காரை வாங்கிவிடுவது. முந்தையவர் போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பக் கேட்க மாட்டார். புதிதாகக் கட்ட நினைத்தால், கார் வாங்கிய தொகைக்கு மேலேயே பாதுகாப்புச் சாமான்களுக்குச் செலவாகிவிடும்.

கணபதி_பட்டறை:
கூண்டு போட்ட கார் என்று அக்கா எளிதாகச் சொல்லிவிட்டார். யார் கட்டிய கூண்டு என்பதல்லவா முதல் கேள்வி? சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி கூண்டின் முதன்மை வளையம் குளிர் இழுப்பு முறையில் செய்த, இணைப்பில்லாத கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். அளவு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவரும், அல்லது 50 விட்டமும் 2 சுவரும். மற்ற உறுப்புகளுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். வளைத்த இடம் நசுங்கி முட்டை வடிவமானால் சின்ன விட்டம் பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையக் கூடாது. காலடியில் 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத, 3 மில்லிமீட்டர் தகட்டை வண்டியின் உடலோடு பற்றவைத்திருக்க வேண்டும். நம் ஊரில் சிலர் தண்ணீர்க் குழாயை வளைத்துக் கறுப்பு வண்ணம் பூசி நுரைப் பஞ்சைச் சுற்றிவிடுகிறார்கள்; வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தையல் போட்ட குழாய் என்றால் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு வரி தடவினால் தெரியும், ஆனால் பற்றவைத்து மூடிய பிறகு எங்கே கை விடுவீர்கள்?

எடையையும் சொல்லிவிடுகிறேன். 45க்கு 2.5 குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ, 38க்கு 2.5 மீட்டருக்கு 2.2 கிலோ. ஒரு சிறிய காருக்கு 25 மீட்டர் போனால் 55 முதல் 60 கிலோ வரை ஏறும். 85 குதிரை வண்டியில் ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்கு அது சமம். அதனால்தான் தொடக்கத்திலேயே எடை குறைந்த உடலைத் தேடுகிறேன்.

சூலூர்_நேவிகேட்டர்:
அண்ணா சொல்வது வாங்கும்போது சோதிக்க வேண்டியவை. வாங்கவே கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல. காரை விற்பவரிடம் எந்தப் பட்டறை கட்டியது, எந்தப் போட்டியில் தொழில்நுட்பச் சோதனையைத் தாண்டியது என்று கேட்கலாம். குழாயின் சுவர்த் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் வெளியிலிருந்தே அளக்கலாம், கோவையில் அந்தக் கருவி இல்லாத வார்ப்பாலை உண்டா? ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். பழைய காரோடு வரும் இருக்கையையும் பெல்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். எஃப்ஐஏ முத்திரை பெற்ற பெல்ட், தயாரித்த ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டு முடியும் வரைதான் செல்லும். எந்த ஆண்டுவரை என்று அதில் தைத்த சீட்டிலேயே இருக்கும். பெரும்பாலான பக்கெட் இருக்கைகளுக்கும் ஐந்தாண்டுதான். விற்பவர் «எல்லாம் சேர்த்து» என்று விலை சொன்னால், இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பெருந்துறை_சர்வேயர்:
என் தொழில் காப்பீட்டு இழப்பு மதிப்பீடு என்பதால் யாரும் பேசாத பக்கத்தைச் சொல்கிறேன். ராலி என்பது மூடிய ஸ்டேஜ் மட்டும் அல்ல. ஒரு ஸ்டேஜிலிருந்து இன்னொன்றுக்குப் பொதுச் சாலையில்தான் போக வேண்டும். அப்படியானால் ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். ஓடி ஓய்ந்த ராலி கார்களில் பல மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே ஆர்சி காலாவதியானதுதான். பதினைந்து ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலிலேயே 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். கட்டணத்தை விடப் பெரிய தொல்லை, ஆய்வாளர் முன் காரைக் கொண்டுபோய் நிறுத்துவது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் குறித்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே கூண்டு போட்ட வண்டியைச் சாலையில் எடுக்கும் முன், போட்டி நடத்தும் சங்கத்திடம் எந்த ஆவணங்களோடு ஓட்டலாம் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது, நம் நாட்டுத் தனியார் கார்க் காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை, நம்பகச் சோதனை ஓட்டம் ஆகியவை விலக்கப்பட்டவை. ஸ்டேஜில் கார் நொறுங்கினால் ஒரு ரூபாய் கூட வராது. சாதாரணக் காரிலேயே, குறித்த நேரத்தையும் வேகத்தையும் தூரத்தையும் பின்பற்றி ஓட்டும் டிஎஸ்டி ராலிகூட இந்த விலக்குக்குள் வருமா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. என் கருத்தில், தம்பி முதல் ஆண்டு கார் வாங்கவே வேண்டாம். நல்ல ஓட்டுநர் ஒருவரோடு நேவிகேட்டராகவோ சர்வீஸ் ஆளாகவோ போய்ப் பார்க்கட்டும்.

ஆனைமலை_வேலு:
இப்படியே பயம் காட்டினால் எந்தப் பிள்ளையும் ஓட்டுநர் ஆக முடியாது. கரிவர்தன் அன்று கோவையில் குறைந்த செலவில் பந்தயக் கார்களைக் கட்டிக் கொடுத்ததால்தான் எத்தனையோ பேர் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். வேடிக்கை பார்த்தே ஓட்டக் கற்றவன் யாரும் இல்லை. ஜிப்ஸியின் விலை இறங்காது என்று கணபதி குறைசொன்னார். இரண்டாண்டு ஓட்டிவிட்டு விற்கும்போது அதுவே தம்பிக்கு லாபம். எஸ்டீமை அப்போது யார் வாங்குவார்?

கணபதி_பட்டறை:
விற்கும்போது நேராக இருக்கும் ஜிப்ஸிக்குத்தான் விலை, வேலு. மேலும், கரிவர்தன் கட்டியது மாருதி 800இன் என்ஜினை வைத்து எல்லோர்க்கும் ஒரே மாதிரியான, எடை குறைந்த வண்டி. என் பக்கத்து வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

கோபி_முகில்:
அனைவருக்கும் நன்றி. சர்வேயர் அண்ணன் சொன்னபடி நேவிகேட்டராகப் போக முயல்வேன். ஆனால் காரும் வேண்டும் என்றுதான் மனம் சொல்கிறது. இப்போது இரண்டு கார்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, திருப்பூரில் கூண்டு போட்ட எஸ்டீம். விலை குறைவு, ஆர்சி காலாவதி, கூண்டு போல்ட் முறையில் பொருத்தியது. மற்றொன்று, தாராபுரத்தில் ஒரே கை ஓட்டிய 2008 ஸ்விஃப்ட் பெட்ரோல். பதிவு புதுப்பிக்கப்பட்டு 2028 வரை இருக்கிறது, விலை எஸ்டீமைப் போல் இரு மடங்கு, என் மூன்று லட்சத்துக்குள்தான்.

சூலூர்_நேவிகேட்டர்:
ஸ்விஃப்ட். ஆர்சி உள்ள கார் ராலிக்கும் போகும், ஆட்டோகிராஸுக்கும் போகும். ஆர்சி போன எஸ்டீம் ஆட்டோகிராஸ் மைதானத்துக்குக்கூட லாரியில் ஏறித்தான் போகும். மீதித் தொகையில் முதலில் ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பான், சம்ப் கார்டு, நான்கு பழைய ரிம்கள். கூண்டுக்கு அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கூண்டு கட்டாயமில்லாத ஆட்டோகிராஸ் போட்டி எது என்று அதன் துணை விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டு அங்கே மட்டும் ஓட்டுங்கள். பல்லடம், சுல்தான்பேட்டை பக்கத்துச் செம்மண்ணில் சுக்காங்கல் அதிகம். சம்ப் கார்டு இல்லாமல் அந்த மண்ணில் இறங்க வேண்டாம், டயரையும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள்.

கணபதி_பட்டறை:
எஸ்டீமை நான் இன்னும் கைவிடவில்லை. ஆர்சி மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தாராபுரம் கார் கடற்கரை உப்புக்காற்று படாதது என்பதால் துரு குறைவாக இருக்க வாய்ப்புண்டு, ஆனாலும் நம்பிவிடாதீர்கள். போனெட்டைத் திறந்து இருபக்கமும் ஸ்ட்ரட்டின் (முன்சக்கர அதிர்வு தாங்கியின்) மேல்முனை உட்காரும் இடத்தில் பற்றவைப்புப் புள்ளிகளைச் சுற்றி வண்ணம் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு தரைக் கம்பளத்தைத் தூக்கி, கூண்டின் கால் வரும் நான்கு மூலைகளிலும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மொத்தையாகக் கேட்டால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் காரில் எவ்வளவு நல்ல கூண்டு கட்டினாலும் பிடிமானம் இருக்காது. தட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆனைமலை_வேலு:
ஜிப்ஸி கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தம்பி. நீங்கள் வாங்காவிட்டால் நான் வாங்கிக்கொள்கிறேன்.