பழைய ராணுவ நிசான்: ரெண்டு தடவை ஏர் எடுத்தும் பிரேக் பெடல் இறங்குது

திருவொற்றியூர்_ஒன்டன்:
அண்ணன்மாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். வீட்டு வாசலில் பழைய ராணுவ நிசான் ஒன் டன் நிற்கிறது, ஜபல்பூரில் கட்டியது, மாமா ஏலத்தில் எடுத்தது. எட்டு வருஷமாக ஓடவில்லை, கடல் காற்றில் துரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிரேக்கில் நாலு வீல் சிலிண்டருக்கும் புது கிட் (ரப்பர் வாஷர் செட்) போட்டு, டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி, தம்பியைப் பெடலில் உட்காரவைத்து ரெண்டு தடவை ஏர் எடுத்தாச்சு (பைப்பில் மாட்டிய காற்றை வெளியேற்றியாச்சு), மூணு டப்பா ஆயில் காலி. இன்னமும் முதல் மிதியில் பெடல் பொத்தென்று இறங்குகிறது, நாலு தடவை அடித்தால் மேலே வந்து கல்லு மாதிரி நிற்கிறது. மணலி பக்கம் ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு "டேங்க்ல தண்ணிய இறக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்த டேங்க்?

எண்ணூர்_டிப்பர்:
அவர் கன்டெய்னர் லாரி நினைப்பில் சொல்லியிருப்பார் ப்ரோ. ஏர் பிரேக்கில்தான் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவோம், உன் வண்டி ஆயில் பிரேக், அதில் காற்று இருக்கவே கூடாது. எந்த வீலில் ஆரம்பித்தாய்? மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) ரொம்பத் தூரத்தில் இருப்பதுதான் முதலில், அதாவது பின்னால் இடது, அப்புறம் பின்னால் வலது, முன்னால் இடது, கடைசியில் வலது. மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் தனியாக சேஸில் இருந்து அதில் காற்றை வெளியே விடும் நிப்பிள் இருந்தால் முதலில் அதை எடு. நிப்பிளில் டியூப் மாட்டி மறுமுனையை ஆயில் இருக்கும் பாட்டிலுக்குள் முக்கி வை, இல்லாவிட்டால் பெடல் திரும்பும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ராயபுரம்_பழைய_கை:
தம்பி, "கல்லு மாதிரி" என்று நீயே எழுதியிருக்கிறாய், பதில் அதிலேயே இருக்கிறது. காற்று இருந்தால் எத்தனை தடவை அடித்தாலும் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரிதான் இருக்கும். அடித்ததும் ஏறி இறுகுகிறது என்றால் பெரும்பாலும் பிரேக் ஷூவுக்கும் அது அழுந்தும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகம். ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, கனமான வண்டி), நாலு வீலிலும் சக்கரம் சுற்றாத அளவுக்கு, ஷூவைத் தள்ளும் அட்ஜஸ்டரை இறுக்கு. அப்படியே வைத்து ஒரு தடவை ஏர் எடு, பிறகு லேசாக உரசிக்கொண்டு சுற்றும் வரை தளர்த்து. பிறகு பெடலை மிதித்து ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துப் பார்.

திருவொற்றியூர்_ஒன்டன்:
அண்ணே, செய்துவிட்டேன். முதல் மிதியே இப்போது மேலேயே பிடிக்கிறது, நம்பவே முடியவில்லை. ஆனால் அழுத்திப் பிடித்தால் மெதுவாகக் கீழே போகிறது, வெளியில் எங்கேயும் சொட்டுகூட ஒழுகவில்லை.

ராயபுரம்_பழைய_கை:
அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் தாண்டுகிறது. தம்பி பெடலைத் தரை வரைக்கும் மிதித்தானா? எட்டு வருஷம் நின்ற வண்டியில் வாஷர் வழக்கமாகப் போகாத அடிப்பக்கம் முழுக்கத் துரு பிடித்திருக்கும், அங்கே போய் உரசினால் வாஷரின் உதடு (ஓரம்) கிழிந்துவிடும். அதனால்தான் நாங்கள் ஏர் எடுக்கும்போது பெடலுக்குக் கீழே ஒரு கட்டையை வைப்போம். இனிமேல் சொல்லி என்ன!

திருவொற்றியூர்_ஒன்டன்:
மிதித்தான் அண்ணே, உதைத்தான் என்றே சொல்லலாம். கழற்றிப் பார்த்தேன், வாஷரில் ஒரு பக்கம் கீறல், சிலிண்டருக்குள் வளையம் மாதிரி துரு. மண்ணெண்ணெயில் கழுவலாமா?

எண்ணூர்_டிப்பர்:
ஐயோ வேண்டாம். மண்ணெண்ணெய், டீசல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவு. டப்பாவில் மிச்சம் இருப்பதைத் திறந்து வைக்காதே, டாட் 3 காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதுசு 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140க்கே கொதிக்க ஆரம்பிக்கும்.

ராயபுரம்_பழைய_கை:
உள்ளே விரல் நகத்தை ஓட்டிப் பார். நகம் மாட்டாவிட்டால் லேசாக ஹோன் பண்ணி (உள்ளே தேய்த்து வழவழப்பாக்கி) புது கிட் போடலாம், மாட்டினால் லேத்தில் ஸ்லீவ் (உள்ளே புதுக் குழாய்) அடிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. பாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனால் வண்டி பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதே, பழைய வாஷரையே கையில் எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்கு.

திருவொற்றியூர்_ஒன்டன்:
நகம் மாட்டுகிறது அண்ணே. நாளைக்கு லேத்துக்குத்தான்.