பின்னாலிருந்து கார் மோதி நான்காம் நாள் தொடங்கிய முதுகுவலி: இழப்பீடு கோர இயலுமா?

கேள்வி:
சென்ற மாதம் கூடுவாஞ்சேரி அருகே ஜி.எஸ்.டி. சாலையில், சிக்னலுக்காக நின்றிருந்த என் காரின் பின்புறத்தில் மற்றொரு கார் மோதியது. அப்போது வலி ஏதும் தெரியாததால், பம்பர் மாற்றும் செலவைப் பெற்றுக்கொண்டு, 'வண்டிச் சேதத்துக்கான தொகை கிடைத்தது' என்று ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, காவல் நிலையத்துக்குப் போகாமலே வீடு திரும்பினேன். நான்காம் நாள் காலையில் குனிந்து செருப்பு மாட்டக்கூட இயலவில்லை. இடுப்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை கூறுகிறது. இச்செலவை என் கார் காப்பீட்டில் கேட்கலாமா?

பதில் 1 (பிசியோதெரபிஸ்ட்):
வலி தாமதமாக வருவது இயல்பே. மோதிய நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் வலியை மறைத்துவிடும். தசைகளிலும் தசைநார்களிலும் ஏற்பட்ட காயத்தின் வீக்கமும் இறுக்கமும் ஓரிரு நாள் கழித்தே முழுமையாகத் தெரியவரும். ஆனால் வலியே இல்லாத பலருக்கும், குறிப்பாக நாற்பதைக் கடந்தவர்களுக்கு, ஜவ்வுப் பிதுக்கம் எம்.ஆர்.ஐ.யில் தென்படும் என்பதால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார். எனவே விபத்து நடந்த நாள், வலி தொடங்கிய நாள், முன்பு முதுகுவலி இருந்ததா என்ற விவரங்களை உள்ளது உள்ளபடி மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், வழக்கெல்லாம் பிறகு.

பதில் 2 (விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):
உங்கள் பாலிசியின் வாகனச் சேதப் பகுதி காருக்கானது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் மரணம், உறுப்பிழப்பு, நிரந்தர முழு ஊனம் போன்றவற்றுக்கே பொருந்தும், சிகிச்சைச் செலவுக்கு அன்று. நீங்கள் கேட்க வேண்டியது மோதிய காரின் மூன்றாம் நபர் காப்பீட்டிடம். அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கு ஆறு மாதக் கெடு உண்டு. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்திருப்பதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

இன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைப் பெறுங்கள். முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்பதற்காக மட்டுமே கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆயினும் தாமதத்துக்கான உண்மைக் காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். தேதியை முன்தள்ளிக் காட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். நீங்கள் கையெழுத்திட்ட தாள் வண்டிச் சேதத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்றால், உடற்காயத்துக்கான உரிமையை அது பறிக்காது. அதன் நகலைக் கொண்டுவாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. தாளின் படமும் அந்தக் காரின் எண்ணும் கைப்பேசியில் உள்ளன. எந்த நிறுவனத்தின் பாலிசி என்பதுதான் தெரியவில்லை.

பதில் 2:
எண் இருந்தால் போதும். காப்பீட்டு விவரங்களைத் திரட்டி வைக்கும் இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோவின் தளத்தில் வாகன எண்ணையும் விபத்துத் தேதியையும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். அங்கு கிடைக்காவிட்டால் காவல் துறை விசாரணையில் தெரியவரும்.