பிள்ளையின் தமிழாசிரியரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியவை

சென்னையிலிருந்து இவ்வாண்டு சிங்கப்பூருக்குக் குடிவந்து, மகளைத் தொடக்கநிலை 2இல் சேர்த்திருக்கும் சகோதரி ஒருவர், வகுப்பில் ஆசிரியர் பேச்சுத்தமிழில் பேசுவதாகவும், மகளின் தமிழ் கெட்டுவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தார். இங்குள்ள தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அந்த ஆசிரியர் அப்படிப் பேசுவது கவனக்குறைவால் அன்று. 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு, படித்தவர்கள் பொதுவாகப் பேசும் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரப்பட்டது. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு ஏராளம். எழுத்துத்தமிழை மட்டும் கற்ற பிள்ளை சொந்தப் பாட்டியிடம் நாலு வார்த்தை பேச வழியின்றி நிற்கும். வாசிப்பும் எழுத்தும் வழக்கம்போல எழுத்துத்தமிழில்தான் நடக்கின்றன.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். நான் வளர்ந்த அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறுபக்கம் சீனக் குடும்பம். அதனாலோ என்னவோ, ஒவ்வொரு வீட்டிலும் புழங்கும் சொற்களைக் குறித்துவைப்பதில் எனக்குச் சிறுவயது முதலே தீராத ஆசை. பிற்காலத்தில் அதுவே நான் கற்பிக்கும் முறையாகவும் ஆயிற்று.

ஒருமுறை காலை உணவைப் பற்றிப் பேசச் சொன்னபோது, இங்கேயே பிறந்த சிறுவன், “நான் புட்டுமாயம் பசியாறினேன்” என்றான். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சிறுமி, “அது இடியாப்பம், பசியாறினேன் என்று சொல்லக்கூடாது” என்று திருத்தினாள். நான் இருவரையும் நிறுத்தவில்லை. ஆளுக்கொரு தாளில் தத்தம் வீட்டுச் சொல்லை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை உணவு உண்பதைப் பசியாறுவது என்றே தமிழர் சொல்கிறார்கள் என்று விளக்கியதும், அந்தச் சிறுமி வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை கொண்டுவரும் பண்பாட்டைப் பாடத்தின் வாசலாக்குவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இதை நானும் தவறியே கற்றேன். ஆரம்ப ஆண்டுகளில், வாய் திறக்காத ஒரு மாணவனைச் சோம்பேறி என்று எண்ணியிருந்தேன். அவன் வீட்டில் பேசுவது தெலுங்கு என்பதும், தமிழ் அவனுக்கு மூன்றாவது மொழி என்பதும் ஆண்டின் நடுவில்தான் தெரியவந்தன. அவன் பெற்றோர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஆறு மாதங்களை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

ஆகவே, பெற்றோர் சந்திப்புக்குக் காத்திராமல், ஆசிரியருக்கு இரண்டு பத்தி எழுதி அனுப்புங்கள். வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறீர்கள், மகள் முன்பு எந்த ஊரில் எந்த மொழி வழியில் படித்தாள், எதை விரும்பிப் படிக்கிறாள், வகுப்பில் எதற்குக் கூச்சப்படுகிறாள் என்பவை போதும். சரளமாக வாசிக்கும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். தகுதியுள்ளவர்கள் பின்னாளில் உயர்தமிழ் என்ற, வழக்கமான தமிழ்ப் பாடத்தைவிடக் கடினமான பாடத்தைப் படிக்க வாய்ப்புண்டு, அதுவரை பொது நூலகங்களின் தமிழ்ப் பிரிவு கைகொடுக்கும். “இது சரியான தமிழா?” என்ற கேள்வியோடு மட்டும் பேச்சைத் தொடங்காதீர்கள்.

உயர்நிலையில் பிள்ளை படிக்கும் பள்ளியில் தமிழ் இல்லையென்றால், பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களில் பள்ளி நேரத்துக்குப் பிறகு படிக்கலாம். ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடக்கும். உங்கள் மகளின் ஆசிரியர் எந்த நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார் என்று இப்போதே கேட்டு, முடிந்தால் உடன் செல்லுங்கள்.