சீனக்காரர் பணம் போட்டால் என்ன நடைமுறை?
வணக்கம். பேரணாம்பட்டில் அண்ணனும் நானும் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியதும் ஆம்பூரிலிருந்து வந்த ஜாப் ஒர்க் பாதியானது. இப்போது, எங்களுக்கு லைனிங் துணி, பக்கிள் அனுப்பும் சீன வியாபாரி ஒருவர், அங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்புவது சிக்கலாகிவிட்டது, உங்கள் யூனிட்டில் பங்குக்குப் பணம் போடுகிறேன் என்கிறார். அண்ணன் அதற்குள் புது மெஷினுக்கு விலை விசாரித்துவிட்டார்!

ஆனால் 2020 ஏப்ரலில் வந்த விதியில், இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளின் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி கேட்டார்களே. அந்த அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எத்தனை மாதம் ஆனது? சமீபத்தில் ஏதாவது தளர்த்தினார்களா? இல்லை, பங்கு வேண்டாம், ஆர்டர் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிடலாமா? ஆடிட்டர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.