குரோஷா பின்ன ஆரம்பிக்கும்போது ஊசியில மாட்டற முதல் முடிச்சை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?

பூநூல்:
வருஷம் பல ஆச்சு, இன்னும் மனசை விட்டுப் போகலை. திருச்சியிலிருந்து சென்னைக்குப் பகல் ரயில். மடியில உல்லன் கண்டு, நுனியில கொக்கி வெச்ச 4 மி.மீ. குரோஷா ஊசி. வீடியோவைப் பார்த்துப் பார்த்து முடிச்சு போடறேன். ஊசியில மாட்டினா கல்லு மாதிரி இறுகிடுது, நகரவே மாட்டேங்குது. எதிர் சீட்டு பாட்டி பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "இங்க கொண்டா கண்ணு"ன்னு வாங்கி, நூலை ஒரு வட்டம் போட்டாங்க. கண்டுப் பக்கத்து நூலை மடிச்சு அந்த வட்டத்துக்குள்ள இழுத்து, வந்த கண்ணியை என் ஆள்காட்டி விரல்ல மாட்டினாங்க. கண்டுப் பக்கம் இழுத்தாங்க, விரலைக் கவ்விச்சு. விரலை எடுக்கச் சொல்லி மறுபடி இழுத்தாங்க. முடிச்சே இல்ல, வெறும் நூல்! "உருவாஞ்சுருக்கும்மா இது. இழுத்து அவிழலைன்னா நீ போட்டது வேற முடிச்சு." அவங்களுக்கு குரோஷா தெரியாது, பூ கட்டறவங்க. நான் குனிஞ்சு போட்டும் அவிழ்த்தும் பார்த்துக்கிட்டிருந்தப்பவே விழுப்புரத்துல இறங்கிட்டாங்க. நிமிர்ந்தா சீட்டு காலி. ஒரு நன்றிகூடச் சொல்லலை.

இடக்கை:
எனக்குப் பாட்டி கிடைக்கலை, வகுப்புதான் கிடைச்சுது. ஊசியை இடது கையில பிடிச்சா டீச்சர் பிடுங்கி வலது கையில வைப்பாங்க. மூணு வகுப்பு போச்சு, கண்ணிக்குள்ள கண்ணியா கோத்துப் போற சங்கிலி நாலு கண்ணியைத் தாண்டலை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி பீரோ கண்ணாடிக்கு முன்னாடி போனைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணாடியில தெரிஞ்ச வீடியோவைப் பார்த்துப் போட்டேன். முதல் தடவையே கண்ணி ஊசியில உட்கார்ந்துச்சு. பக்கம்தான் மாறணும், முடிச்சு அதேதான். அதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா அந்த மூணு வாரமும் அழுதிருக்க மாட்டேன்.

பொம்மைக்காரி:
பூநூல், பாட்டி சொன்னது பாதிதான். கண்டுப் பக்கம் இழுத்தாத்தான் சுருங்கணும்னு ஒண்ணும் இல்ல. எந்தப் பக்க நூலை மடிச்சு வட்டத்துக்குள்ள இழுக்கறோமோ அந்தப் பக்கம்தான் உருவும். வால் பக்கத்தை, அதாவது நூலோட நுனிப் பக்கத்தை மடிச்சு இழுத்தா, வாலை இழுக்கும்போது சுருங்கும். என் பையனுக்கு முதல்ல செஞ்ச கரடிக்கு உச்சந்தலையில ஓட்டை, பஞ்சு வெளிய தெரிஞ்சுது. அவன் விரலை விட்டு விட்டு நோண்டினது இன்னும் கண்ணுல நிக்குது. அப்புறம் ஆரம்பத்துலயே வால் பக்கம் உருவற முடிச்சு போட்டு, ரெண்டு சங்கிலி பின்னி, முதல் சங்கிலியிலயே ஆறு கண்ணி எடுத்து, வாலை இழுத்தேன். ஓட்டை மூடிக்கிச்சு.

புதுசா வர்றவங்களுக்கு இன்னும் கொஞ்சம். வாலை 15 செ.மீ.யாவது விடுங்க, கடைசியில தையல் ஊசியில கோத்து மறைக்கணும்ல. முடிச்சை ஊசியோட கழுத்துல, கொக்கிக்குப் பக்கத்துல ஒல்லியா இருக்கிற இடத்துல, இறுக்காதீங்க, தடிச்ச தண்டுப் பகுதிக்குத் தள்ளி இறுக்குங்க. கண்ணி ஊசியில வழுக்கிக்கிட்டுப் போகணும், அதே சமயம் தொளதொளன்னு தொங்கக் கூடாது. முக்கியமா, அந்த முதல் கண்ணியைச் சங்கிலிக் கணக்குல சேர்க்காதீங்க. 20 சங்கிலின்னா முடிச்சை விட்டுட்டு 20. ஊசியில இருக்கிற கண்ணியும் கணக்குல வராது.

பூநூல்:
பாட்டி சொன்னது எனக்குப் பாதி இல்லைங்க. நேரா பின்ற மப்ளருக்கு எந்தப் பக்கம் சுருங்கினா என்ன? எது சரியான முடிச்சுன்னு நானே கண்டுபிடிக்க ஒரு வழி கொடுத்தாங்க. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பொம்மைக்காரி:
மப்ளருக்குச் சரி, ஒத்துக்கறேன். பொம்மை மாதிரி வட்டமா பின்றதுக்கு ஒத்துக்க மாட்டேன்.

மாடிவீடு:
சண்டை வேண்டாம், ஒண்ணு சொல்றேன். 2016 ஜனவரியில சென்னையில 11,148 சதுர மீட்டர் குரோஷா போர்வை விரிச்சு கின்னஸ் சாதனை பண்ணாங்க இல்லையா? அந்தச் செய்தியைப் பார்த்துட்டு எங்க குடியிருப்புல நாங்க ஏழெட்டுப் பேர் மொட்டை மாடியில உட்கார்ந்து பின்ன ஆரம்பிச்சோம். அதுல ஒரு அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு, விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும். பின்றதுல எங்க எல்லாரையும்விட வேகம், ஆனா மெல்லிசு நூலை மடிச்சு அந்த ஒரு முடிச்சு போட மட்டும் விரல் வளையாது. தினமும் சாயங்காலம் எங்க கதவைத் தட்டி ஊசியையும் நூலையும் நீட்டுவாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. நான் முடிச்சைப் போட்டு ஊசியில மாட்டித் தருவேன், வாங்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு நாள் நான் ஊர்ல இல்ல. திரும்பி வந்து பார்த்தா கதவுத் தாழ்ப்பாள்ல ஒரு பையில பத்து ஊசி, பத்து நூல்கண்டு. பத்துக்கும் முடிச்சு போட்டு வெச்சேன்.

இடக்கை:
மாடிவீடு அக்கா, அவங்க இப்பவும் பின்றாங்களா?

மாடிவீடு:
பின்றாங்கம்மா. மகள் வீட்டுக்குப் போயிட்டாங்க, பேத்தி முடிச்சு போட்டுத் தர்றாளாம்.