புதுப்பிப்பு: தாராவிப் பள்ளியின் ரோபோட்டிக்ஸ் லேப் திறந்துவிட்டது

மூன்று மாதம் முன்பு, என் மகள் படிக்கும் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (பிள்ளைகள் ரோபோ, சென்சார் எல்லாம் தாங்களே செய்து பழக மத்திய அரசு மானியம் தரும் கூடம்) பூட்டியே கிடக்கிறது, அடுத்த தவணை மானியம் வரவில்லை என்று இங்கே கொதித்துப்போய் எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆனது என்று பலர் கேட்டீர்கள்.

பணம் டெல்லியில் நிற்கவில்லை, எங்கள் பக்கம்தான் தடங்கல். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் அடல் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை, அதில் 10 லட்சம் லேப் அமைக்க, மீதி ஐந்து வருடம் வரை நடத்த. செலவுக்கு ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை. பழைய பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போனதும் பில்களை யாரும் தொடவே இல்லை. நானும் இன்னொரு பிள்ளையின் அம்மாவும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து வாங்கிய பொருட்களைக் குறித்துவைக்கும் ஸ்டாக் ரெஜிஸ்டரையும் பில்லையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தோம், சான்றிதழ் போனது, போன வாரம் பணம் ஏறிவிட்டது.

நேற்று லேப்பில் ஒரு குட்டி வண்டி சுவரைக் கண்டால் திரும்பாமல் போய் முட்டிக்கொண்டே இருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரில், ஒலியை அனுப்பச் சொல்லும் ட்ரிக் வயரும் எதிரொலியைத் தெரிவிக்கும் எக்கோ வயரும் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து மாற்றிச் செருகிவிட்டு, "அங்கிள், இப்போ பாருங்க" என்றாள். சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி திரும்பியது!

2025 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளுக்கு ஐந்து ஆண்டில் 50,000 லேப் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு வந்தால் முதல் நாளே ரெஜிஸ்டர் யார் கையில் என்று கேளுங்கள். பில்லையும் ரெஜிஸ்டரையும் ஒத்துப் பார்க்க எங்கள் மாதிரிப் பட்டியல் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.